நானூற்றுப் பதினேழாம் குறிப்பு

1

இந்த வாரத்தோடு நான் இங்கே வந்து பதினாறு வருடம் ஆகிறது. நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி பினாங்கில் இறங்கிய நாள் என் பழைய பாஸ்போர்ட்டில் ஊதா முத்திரையாக இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் அந்த நாளில் பாஸ்போர்ட்டை எடுத்துப் புரட்டிப் பார்ப்பேன். என் கணவர் மணியம் சுண்ணாம்புக்கல் குவாரியில் ஷிப்ட் வேலை பார்ப்பவர். நான் முத்திரையைப் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டால் கேலிதான்.

"அதையே எத்தன தடவ பாப்ப? முத்திரை என்ன, எந்திரிச்சி ஓடியா போயிரும்?"

மற்ற வருடங்களில் சிரித்திருப்பேன். இந்த வருடம் சிரிப்பு வரவில்லை. ஒருவர் ஒரு நாட்டில் இருந்தார் என்பதற்கான அடையாளம் காணாமல் போகும் என்று எனக்கு இப்போது தெரியும். அப்படி ஒன்றைக் காணாமல் போக்கியவளே நான்தான்.

எனக்கு ஊர் சாத்தூர். கல்யாணமாகி இந்த ஈப்போவுக்கு வந்தேன். இங்கே எல்லோரிடமும் ஓர் அடையாள அட்டை இருக்கும், ஐசி என்பார்கள். இந்த நாட்டுக் குடியுரிமை உள்ளவர்களுக்கு நீலம். இருந்துகொள்ளலாம் என்று மட்டும் அனுமதி உள்ளவர்களுக்குச் சிவப்பு. முதல் ஐந்து வருடம் எனக்குச் சிவப்பும் கிடையாது. வருடத்துக்கு ஒரு தடவை பாஸ்போர்ட்டைக் கொடுத்து, வரிசையில் நின்று, "துங்கு, துங்கு" என்று சொல்லக் கேட்டுவிட்டுத் திரும்புவேன். துங்கு என்றால் காத்திரு என்று பொருள். நான் உருப்படியாகக் கற்றுக்கொண்ட முதல் மலாய்ச் சொல் அதுதான்.

என் தம்பி கடிதத்துக்குக் கடிதம் கேட்பான்: "அக்கா, ரப்பர் ஆராய்ச்சி ஆபீசில் உனக்கு என்னதான் வேலை? மரம் வெட்டுகிறாயா, டைப் அடிக்கிறாயா?" அவனுக்கு விளக்கி எழுதி எழுதிச் சலித்துவிட்டேன். உங்களுக்கு ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். இந்தக் கதைக்கு அது வேண்டும்.

2

எங்கள் ஆபீஸ் ஜெலாப்பாங்கைத் தாண்டி செமோர் போகிற சாலையில் இருக்கிறது. தனியாருடையது, சின்னது. ரப்பர் மரத்துப் பாலில் என்னென்ன புரதம் இருக்கிறது என்று பார்ப்பது இங்கே வேலை. ஒரு புரதம் என்பது மணி கோத்த மாலை மாதிரி. இருபது விதமான மணிகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து. மாலையை அவிழ்த்து, எந்த மணிக்குப் பின்னால் எந்த மணி என்று வரிசையாக எழுதினால் ஒரு பக்கம் முழுக்க எழுத்தாக வரும். வாசித்தால் அர்த்தம் வராது, ஆனால் ஒரு எழுத்து மாறினாலும் தப்பு.

அந்த எழுத்து வரிசைக்குக் கீழே, இதை யார் கண்டுபிடித்தார், எந்தப் பத்திரிகையில் எழுதினார், எந்த வருடம், எந்தப் பக்கம், மாலையின் எந்த மணியிலிருந்து எந்த மணி வரைக்கும் அவர் பார்த்தார் என்று குறிப்பு இருக்க வேண்டும். அந்தக் குறிப்புகளைக் காப்பவள் நான். சாத்தூர் நூலகத்தில் இரண்டு வருடம் உதவியாளராக இருந்தேன் என்று சொன்னதும் இந்த வேலையைக் கொடுத்துவிட்டார்கள். மரப்பெட்டிகளில் அட்டைகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். விஞ்ஞானிகள் வந்து, "சகுந்தலா, இதை யார் சொன்னது?" என்று கேட்பார்கள். நான் எடுத்துக் கொடுப்பேன். அவ்வளவுதான் என் உத்தியோகம். ஒரு நாள் முழுக்க வேறு ஒரு வார்த்தையும் யாரிடமும் பேசாமல் பஸ் ஏறி வீட்டுக்கு வந்திருக்கிறேன்.

அட்டைகள் வெள்ளை. நடுவில் முப்பத்தொரு அட்டைகள் மட்டும் மஞ்சள். எனக்கு வெகுகாலம் முன்னால் இந்த ஆபீசை நடத்திய வெள்ளைக்காரத் துரை ஒருவரின் ஏற்பாடு அது. அச்சில் வராமல் ஓர் ஆள் வாயால் சொன்ன விஷயம் ஆராய்ச்சிக்குப் பயன்பட்டால், அதையும் அட்டையில் ஏற்ற வேண்டும், சொன்னவரின் கையெழுத்து அதில் இருக்க வேண்டும் என்பது அவர் வைத்த சட்டம். எழுதத் தெரியாதவர் என்றால் கைநாட்டு. தோட்டங்களுக்குப் போய், மைப்பெட்டியைத் திறந்து, பெருவிரலை ஒற்றி வாங்கி வந்திருக்கிறார்கள். முப்பத்தொன்றும் கைநாட்டுத்தான்.

அதில் நானூற்றுப் பதினேழாம் எண் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சிலிம் ரிவர் பக்கம் ஒரு தோட்டம். சொன்னவர் அஞ்சலை, பால்மரம் வெட்டுகிறவர், அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுப்பவர். இந்த நாடு சுதந்திரம் அடைவதற்கு மூன்று வருடம் முன்பு தேதியிட்டது. ஓடையோரத்து நிரையில் உள்ள மரங்களில் மட்டும் மத்தியானம் வரைக்கும் பால் சொட்டுகிறது, மங்கில் சீக்கிரம் உறைவதில்லை என்று அவர் சொல்லியிருந்தார். மரத்தில் கட்டுகிற கோப்பையை இங்கே மங்கு என்பார்கள். துரை அந்த மரங்களின் பாலைத்தான் கொண்டுவந்து பிரித்துப் பார்த்திருக்கிறார். பிறகு எத்தனையோ வருடம் கழித்து அந்தப் பாலிலிருந்து ஐந்து புரதங்களின் வரிசை எழுதினார்கள். ஐந்துக்கும் கீழே முதல் குறிப்பு 417.

3

எண்பத்து நாலில் ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அதோடு யோங் வந்தார். சீனர், முப்பது வயது இருக்கும். அவருடைய அப்பா தோட்டத்து முனையில் மளிகைக்கடை வைத்திருந்தவர். அதனால் யோங் என்னைவிட வேகமாகத் தமிழ் பேசுவார். என் தமிழைக் கேட்டால் அவருக்குச் சிரிப்பு.

"அக்கா, நீங்க பேசறது ரேடியோவுல செய்தி படிக்கற மாதிரி இருக்கு லா."

அவர் கொண்டுவந்த யோசனை இதுதான். அதுவரை ஒவ்வொரு புரதத்தின் கீழும் அதன் குறிப்புகளை முழுசாக டைப் அடித்துவந்தோம். ஒரே கட்டுரை பத்துப் புரதத்துக்குப் பயன்பட்டால் பத்துத் தடவை. அதில் ஒன்றில் பக்க எண் தப்பானால் அந்த ஒன்று மட்டும் தப்பாகவே கிடக்கும். யோங் வந்ததும் அதை நிறுத்தச் சொன்னார்.

"குறிப்பும் ஒரு பொருள் அக்கா. புரதம் எப்படி தனியா ஒரு பொருளோ, அது மாதிரி. அதுக்குன்னு ஒரு டப்பா. உள்ள எழுதனவரு, தலைப்பு, பத்திரிகை, வருசம், பக்கம். டப்பாவுக்கு ஒரு நம்பரு. புரதம் அந்த நம்பர மட்டும் வச்சிருந்தா போதும். வேணும்கறப்ப மிஷின் போயி டப்பாவ தொறந்து பாத்துக்கும்."

"தப்பு இருந்தால்?"

"ஒரு எடத்துல திருத்துனா எல்லா எடத்துலயும் திருந்திரும். ஒரே டப்பா. ரெண்டு பிரதி வச்சா ரெண்டும் சண்ட போடும், எது நெசம்னு தெரியாது."

எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. பல வருடமாக யாரும் என் வேலையைப் பற்றி என்னிடம் உட்கார்ந்து பேசியதில்லை. என் பழைய அட்டை எண்களையே டப்பாவின் எண்ணாக வைத்துக்கொண்டோம். புரதங்களை யோங் ஏற்றினார், குறிப்புகளை நான். தினமும் காலையில் போய் உட்கார்ந்தால் சாயங்காலம் வரைக்கும் தட்டிக்கொண்டே இருப்பேன்.

மஞ்சள் அட்டைகளுக்கு வந்தபோது இடித்தது. பத்திரிகைப் பெயரும் பக்கமும் காலியாக இருந்தால் மிஷின் ஏற்கவில்லை, கூவென்று சத்தம் போட்டது. யோங்கைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"அந்த ரெண்டும் இல்லாம எடுத்துக்கற மாதிரி செய்யலாம். ஆனா அப்பறம் ஆளாளுக்குக் குப்பையைக் கொண்டாந்து போடுவாங்க. நீங்கதான் குறிப்புக்குப் பொறுப்பு, நீங்க சொல்லுங்க."

நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "அச்சில் வராததை விட்டுவிடலாம்" என்றேன்.

சாத்தூரில் எனக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள் என்று பிறகு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. அந்த மஞ்சள் அட்டைகளைப் பார்த்தாலே எனக்குக் கூச்சமாக இருக்கும். என் அம்மா கைநாட்டு. நூலக வேலைக்குச் சேர்ந்தபோது ஜாமீன் தாளில் அம்மா விரலை வைத்தாள், மை துடைக்க இடமில்லாமல் சேலையில் துடைத்துக்கொண்டாள், அங்கே இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். வீடு வரைக்கும் நான் அவளுக்குப் பத்தடி முன்னாலேயே நடந்தேன். படித்தவள், புது மிஷினில் வேலை பார்க்கிறவள் என்று ஆன பிறகு என் பெட்டிக்குள் முப்பத்தொரு கைநாட்டு எதற்கு என்று தோன்றிவிட்டது.

எல்லாம் ஏற்றி முடித்ததும் மேலிடத்தில் கேட்டுக்கொண்டு அட்டைகளைப் பழைய பேப்பர்காரருக்கு எடைக்குப் போட்டேன். வெள்ளை, மஞ்சள் இரண்டையும். என் மேஜை சுத்தமாக இருக்கிறது என்று பாராட்டினார்கள்.

4

அம்மா இறந்தது நான் வந்த மூன்றாம் வருடம். தந்தி வந்தபோது என் பாஸ்போர்ட் அனுமதி நீட்டிப்புக்காகக் கவுண்டருக்குள் கிடந்தது. "துங்கு" என்றார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு பாஸ்போர்ட் கையில் வந்தது.

அதுவரை தம்பி எழுதிய கடிதங்களின் அடியில் அம்மா தன் பெருவிரலை ஒற்றி அனுப்புவாள். நீல மையில் ஒரு வட்டம். அவளாகவே கேட்டு வைப்பாளாம், "நான் பக்கத்துல இருந்துதான் எழுதச் சொன்னேன்னு அவளுக்குத் தெரியணும்ல" என்று. அந்தக் கடிதங்களை ஒரு பிஸ்கட் டின்னில் வைத்திருக்கிறேன். வீட்டில் அதைப் பூட்டி வைத்துக்கொண்டுதான் ஆபீசில் முப்பத்தொரு பேரின் விரலை எடைக்குப் போட்டேன். அப்போது இந்த இரண்டையும் நான் சேர்த்து நினைக்கவே இல்லை.

என் மகன் குமாருக்குப் பதினான்கு வயது. படிப்பெல்லாம் மலாயில். நான் தமிழில் கேட்டால் மலாயில் பதில் சொல்வான், நடுவில் இங்கிலீஷ். "என்னடா சொல்ற?" என்று இரண்டாம் தடவை கேட்டால் "தாப்பா லாம்மா" என்று போய்விடுவான். பரவாயில்லை விடு என்று அர்த்தம். என் வீட்டில் அதிகமாகப் புழங்குகிற வார்த்தை அதுதான். இந்தப் பக்கம் இப்படி என்றால் அந்தப் பக்கம் தம்பி, "அக்கா, பாசார், கெடை என்றெல்லாம் எழுதுகிறாய். தமிழில் எழுது" என்கிறான். சந்தை, கடை என்று எழுத எனக்கு இப்போது ஒரு நொடி ஆகிறது. இங்கே பக்கத்து வீட்டுப் பெண்களுக்கு நான் இன்னும் ஊர்க்கார அக்காதான். பதினாறு வருடம் கழித்தும் கல்யாண வீட்டில் எனக்குத் தனியாக நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டு அவர்கள் சமையல்கட்டில் கூடிப் பேசுவார்கள். மரியாதைதான், தப்பு சொல்ல முடியாது. எனக்கு அந்த நாற்காலியைக் கண்டால் அழுகை வரும்.

5

போன வருடம் மழைக்காலத்தில் ஒரு நாள் காவலாளி வந்து, வெளியே ஒரு அம்மா நிற்கிறார், தமிழ் தெரிந்தவர் வேண்டும் என்கிறார் என்று கூப்பிட்டார். போனேன். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். குடையைச் சுருக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே நனைந்துகொண்டு நின்றார்.

"உள்ள வாங்கம்மா."

"கால் சேறா இருக்கு, இங்கயே நிக்கறேன். நீங்க தங்கச்சி, இங்க வேலயா? நான் சிலிம் ரிவர்லேர்ந்து வாரேன். அஞ்சலன்னு பேரு."

பேரைக் கேட்டதுமே, 417ஆம் அட்டைக்காரர் என்று தெரிந்துவிட்டது.

அவர் சொன்னது இது. அவர் பிறந்ததே அந்தத் தோட்டத்துத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில்தான், ஆனால் பிறந்ததற்குப் பத்திரம் இல்லை. ஐசி சிவப்பு. தோட்டத்தை வீடு கட்டுகிற கம்பெனிக்கு விற்றாகிவிட்டது, அடுத்த வருடம் லயத்தைக் காலி செய்ய வேண்டும். மலிவு விலை வீடு தருகிறார்கள், நீல ஐசி இருந்தால்தான் பெயர் எழுதிக்கொள்வார்கள். நீலத்துக்கு எழுதிப் போட்டால், சுதந்திரத்துக்கு முன்னாலேயே நீங்கள் இங்கே இருந்ததற்கு என்ன அத்தாட்சி என்று கேட்கிறார்கள்.

"ஆள் பேரு பதியற தோட்டத்து செக்ரோலு இருந்தா போதும்னாங்க. தோட்டம் மூணு கை மாறிடுச்சி. பழைய புஸ்தகமெல்லாம் கரையான் தின்னு மண்ணாப் போச்சுன்னு கணக்கெழுதற கிராணி சொல்லிட்டாரு. சூசா லா தங்கச்சி, ரொம்ப கஷ்டம். நான் என்னா செய்ய? அப்பதான் நெனப்பு வந்திச்சி. ஒரு வெள்ளக்காரத் தொரை வந்தாரு. என் பெருவெரல மையில தொட்டு அட்டயில வக்கச் சொன்னாரு. தேதியெல்லாம் போட்டாரு. எந்த ஆபீசுன்னு கேட்டேன், செமோர்னாரு."

"ஒரு அட்டையிலா?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை, நேரம் கடத்தத்தான்.

"ரெண்டுல வச்சேன். ஒண்ணு தொரைக்கு. இன்னொண்ண அவரு கூட வந்த தமிழ்க் கிராணி வச்சிக்கிட்டாரு. அவருக்கு எடது காது கேக்காது. அறுபத்தொம்போதுக் கலவரத்துக்கப்பறம் வேல பெர்மிட்டு கெடைக்காம ஊருக்கே போயிட்டாருன்னாங்க. மதுரப் பக்கம்."

தேடிப் பார்க்கிறேன் என்று சொன்னேன். பொய். அப்போதே சொல்லியிருக்கலாம். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ இருக்கறது சாமி புண்ணியம்" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குப் போனார்.

உள்ளே போய் மிஷினில் அந்த ஐந்து புரதங்களையும் ஒவ்வொன்றாக எடுத்தேன். ஐந்திலும் முதல் குறிப்பு 417 என்று இருந்தது. 417ஐத் திற என்று தட்டினேன். இல்லை என்று வந்தது. மறுபடி தட்டினேன். யோங் எட்டிப் பார்த்தார்.

"டப்பா இல்ல அக்கா. நம்பரு மட்டும் நிக்குது. எல்லாரும் அதக் காட்டறாங்க, அங்க போனா ஆளு இல்ல."

"நம்பரை வேறு யாருக்காவது கொடுத்துவிட்டீர்களா?"

"சேச்சே. ஒரு தடவ ஒருத்தருக்குக் குடுத்த நம்பர இன்னொருத்தருக்குக் குடுக்கவே கூடாது."

பழைய பேப்பர்காரரைத் தேடிப் போனேன். அவர் சிரித்தார். இரண்டு வருடம் முந்திய பேப்பரா? அரைத்து அட்டைப்பெட்டி ஆகி எங்கெங்கோ போயிருக்கும் என்றார். துரை காலத்து அறிக்கைகள் அத்தனையும் புரட்டினேன். ஓடையோரத்து மரங்கள் இருந்தன. பாலும் இருந்தது. அஞ்சலை இல்லை.

6

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சிலிம் ரிவருக்குப் பஸ் ஏறினேன். பைக்குள் ஒரு புது மஞ்சள் அட்டையும் ஆபீஸ் மைப்பெட்டியும் இருந்தன. என்ன எண்ணத்தில் எடுத்து வைத்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெளிவில்லை.

லயத்தில் பாதி வீடுகள் காலி. அஞ்சலை அக்கா எனக்கு மைலோ கலந்து கொடுத்தார். குடிக்காமலேயே சொல்லிவிட்டேன். அட்டை இருந்தது, என் கையால்தான் எடைக்குப் போட்டேன், அச்சில் வராதது என்று விட்டுவிட்டேன் என்று.

அவர் கேட்டது, நான் எதிர்பார்த்த கேள்வியே இல்லை.

"அப்ப நான் சொன்னத அவங்க பொய்னு எடுத்துக்கிட்டாங்களா?"

"இல்லக்கா. நீங்கள் சொன்னதை வைத்துத்தான் எல்லாம் கண்டுபிடித்தார்கள்."

"பின்ன? நெசம்னு தெரிஞ்சும் தூக்கிப் போட்டியா?"

பைக்குள் இருந்து அட்டையை எடுத்து, திரும்ப எழுதிக்கொள்கிறேன் என்றேன். அவர் மறுபடி ஒரு தடவை எல்லாவற்றையும் சொன்னார். ஓடையோரத்து நிரை, மத்தியானம் வரைக்கும் சொட்டுகிற பால், உறையாத மங்கு. ஒரு வார்த்தை மாறவில்லை. எழுதி முடித்துத் தேதி போடப் போனேன். அவர் என் கையைப் பிடித்தார்.

"பழைய தேதியப் போடு தங்கச்சி."

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் பெருவிரலை நீட்டிக் காட்டினார். பால் கத்தி பிடித்துப் பிடித்துக் காய்த்துப் போயிருந்தது.

"அதே வெரல்தான? சொன்னது அதே நான்தான? அன்னைக்கி வச்சது நெசம்தான? இதுல என்னா பொய் இருக்கு, சொல்லு."

பொய் எதுவும் இல்லை. இன்றைக்குச் செய்த அட்டை என்பதைத் தவிர அதில் எல்லாமே நிஜம். அந்தத் துரையின் கையெழுத்து மாதிரி எழுதவும் எனக்கு வரும், பத்து வருடம் பார்த்த எழுத்து. எழுதியிருந்தால் யாருக்கும் தெரியப் போவதில்லை.

நான் அன்றைய தேதியைத்தான் போட்டேன். குறிப்பில் பொய் சேர்க்கக்கூடாது என்று அவரிடம் சொன்னேன். உங்களிடம் மறைக்க ஒன்றுமில்லை, அது வெறும் பயம். மாட்டிக்கொண்டால் என் சிவப்பு ஐசி போய்விடும், இந்த நாட்டில் குமாரை விட்டுவிட்டு நான் மட்டும் கப்பல் ஏற வேண்டியிருக்கும் என்று பயந்தேன். அஞ்சலை அக்கா விரலை வைத்தார். மையைச் சேலையில் துடைத்துக்கொண்டார்.

"செரி, நீ படிச்சவ. நீ செய்யறது செரியா இருக்கும்" என்றார்.

7

அட்டையோடு ஒரு சத்தியப்பத்திரமும் சேர்த்துக் கொடுப்பது என்று முடிவு செய்தோம். இப்படி ஒரு பழைய அட்டை இருந்தது, நான் பார்த்தேன், நான்தான் அழித்தேன் என்று நான் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். என் மலாய் ஐசி ஆபீஸ் கவுண்டரில் தடுமாறும். மணியத்துக்கு ஷிப்ட். குமாரைக் கெஞ்சிக் கூட்டிப் போனேன். பள்ளிக்கூடச் சட்டையோடு எனக்கும் அந்த அதிகாரிக்கும் நடுவில் நின்றான்.

அதிகாரி நல்ல மனுஷர்தான். பொறுமையாகக் கேட்டார். அட்டை என்ன ஆயிற்று என்றார். குமார் என்னைப் பார்த்தான்.

"நான்தான் தூக்கிப் போட்டேன் என்று சொல்" என்றேன்.

"ஏம்மா?" என்று தமிழில் கேட்டான். வெகுநாள் கழித்துத் தமிழில் கேட்டான்.

"அதில் கையெழுத்து இல்லை, கைநாட்டுத்தான் இருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. அதையும் சொல்."

அவன் சொன்னான். என் குற்றத்தை என் பிள்ளையின் வாயால், எனக்கு அரைகுறையாகப் புரிகிற பாஷையில் கேட்டுக்கொண்டு நின்றேன். முடிவில் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டேன். பிறகு மைப்பெட்டியை இழுத்து, யாரும் கேட்காமலேயே, அதன் பக்கத்தில் என் பெருவிரலையும் வைத்தேன். துடைக்க ஒன்றும் இல்லை. குமார் தன் கைக்குட்டையைக் கொடுத்தான்.

நாலு மாதம் கழித்துப் பதில் வந்தது. சாட்சி சொல்பவர் குடியுரிமை உள்ளவராக இருக்க வேண்டும், சிவப்பு ஐசி போதாது. அசல் அட்டையோ, அந்தக் காலத்தில் அச்சான ஏதாவதோ கிடைத்தால் மறுபடி விண்ணப்பிக்கலாம். யோங் நீல ஐசிக்காரர்தான், ஆனால் அவர் அட்டையின் கைநாட்டைப் பார்த்ததில்லை, நம்பரைத்தான் பார்த்தவர்.

லயத்தை இடித்துவிட்டார்கள். அஞ்சலை அக்கா இப்போது ஜெலாப்பாங்கில், பேக்டரியில் வேலை செய்கிற மகளோடு, ஆறு பேர் இருக்கிற ஒரே அறையில் இருக்கிறார். மாதம் ஒரு தடவை எங்கள் ஆபீஸ் வாசலுக்கு வருவார். மத்தியானச் சாப்பாட்டை இரண்டு பேரும் பங்கு போட்டுச் சாப்பிடுவோம். இந்த ஊரில் நான் நாற்காலி இல்லாமல் தரையில் உட்கார்ந்து பேசுவது அவரோடு மட்டும்தான். போன மாதம் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே சொன்னார்:

"அன்னைக்கி பழைய தேதிய போட்டிருந்தா வீடு கெடைச்சிருக்கும் தங்கச்சி."

கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும் போல இருக்கிறது என்று சொல்வது மாதிரி சொன்னார். நான் தண்ணீர்க் குழாயை மூடினேன். அன்று சாயங்காலம் வரைக்கும் என்னால் ஒரு குறிப்பையும் தட்ட முடியவில்லை.

இதை எழுதுவதற்கு முத்திரை நாள் ஒரு சாக்குத்தான். நிஜமான காரணம் அந்த இரண்டாவது அட்டை. இடது காது கேட்காத ஒரு கிராணி, எழுபது வாக்கில் ஈப்போவிலிருந்து மதுரைப் பக்கம் திரும்பி வந்தவர், ஒருவேளை இந்தப் பத்திரிகையை வாசிக்கலாம். அவர் இல்லாவிட்டால் அவர் பிள்ளைகள் வாசிக்கலாம். வீட்டில் மலாயாப் பெட்டி என்று ஒன்று பரண்மேல் இருந்தால், தயவுசெய்து இறக்கிப் பாருங்கள். மஞ்சள் நிறம், உள்ளங்கை அகலம், அடியில் நீல மையில் ஒரு பெருவிரல். எடைக்கு மட்டும் போட்டுவிடாதீர்கள்.

அது கிடைக்காமலும் போகலாம். அதனால் ஆசிரியரிடம் இன்னொரு வேண்டுகோள். எங்கள் மிஷினுக்குப் பத்திரிகையின் பெயரும் பக்க எண்ணும் இருந்தால் போதும், வாயைத் திறக்காமல் ஏற்றுக்கொள்ளும். யோங்கிடம் கேட்டுவிட்டேன். தமிழ்ப் பத்திரிகையும் பத்திரிகைதான் அக்கா என்றார். இந்த இதழ் கைக்கு வந்த அன்றைக்கே டப்பாவைத் திறந்து எழுதிவிடுவேன். அந்த ஐந்து புரதங்களும் காட்டுகிற இடத்தில் ஆள் இருப்பார். எழுதப்போவதை இப்போதே தயாராக வைத்திருக்கிறேன்:

417. சொன்னவர்: அஞ்சலை, பால்வெட்டுத் தொழிலாளி, சிலிம் ரிவர். சொன்னது: "ஓடையோரத்து நிரையில மத்தியானம் வரைக்கும் பால் சொட்டுது. மங்குல சீக்கிரம் உறைய மாட்டேங்குது." சொன்ன காலம்: சுதந்திரத்துக்கு மூன்று வருடம் முன்பு. அழித்தவர்: சகுந்தலா. பத்திரிகை: இது. பக்கம்:

பக்க எண் மட்டும் நீங்கள் போட வேண்டும். தெளிவாக விழட்டும்.